அரைக் கட்டில்

கதவில் இரண்டு பெயர் ஒட்டியிருந்தது.
வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு.

டக்கார் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் நான் இல்லை.
கொமோரோ தீவுக்காரன் என்றதும்
விடுதி அலுவலர் பேனாவை மூடினார்.
"அடுத்த வருஷம், இன்ஷா அல்லா."
கேட்காமலே என் பெட்டியைத் தூக்கித்
தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினான் உசைனு.
மேலே போன பிறகுதான் கணக்குச் சொன்னான்:
தரையிலும் இடமில்லை.
ஜன்னலோரக் கட்டில் இரவில் மட்டும் காலி.
அதற்குரியவன் அன்சுமானா,
சட்டம் படிப்பவன்,
இரவெல்லாம் ஒரு மருந்துக்கடைக்குக் காவல்.
ஒன்பதுக்குப் போவான், காலை ஏழுக்கு வருவான்.
அதற்குள் நீ எழுந்துவிடு.

ஏழா?
ஐந்து மணிக்கே எழுந்து ஓடினால்தான்
நிலத்தடி நீர் வகுப்பில் ஜன்னல் திட்டாவது கிடைக்கும்.
ஆயிரத்து இருநூறு பேர், ஒரு மைக்,
அதுவும் பாதி நேரம் இருமும்.

நூலகம் மூடி நான் வர ஒன்பதரை.
மெத்தையில் அவன் சூடு அப்படியே இருக்கும்.
முகம் தெரியாதவனின் சூடு.
முதல் வாரம் ஓரமாகவே படுத்தேன்.
நடுவில் அவன் உடம்பு தோண்டிய பள்ளம்
எனக்குப் பொருந்தவில்லை,
என் முழங்காலில் வந்து நின்றது அவன் இடுப்பு.

ஒரு நாள் தலையணைக்கடியில் துண்டுக் காகிதம்:
"தலையணை மணக்கிறது. என்ன அது?"
அம்மா கட்டித் தந்த பொட்டலம் பெட்டிக்குள் அவிழ்ந்து
என் சட்டையெல்லாம் அந்த வாசம்தான்.
"கிராம்பு. மன்னித்துவிடு."
மறுநாள்:
"மன்னிப்பு எதற்கு? பல்வலி போய்விட்டது.
இன்னும் நாலு வை."

அப்படித்தான் தொடங்கியது.
கொசுவலைக் கிழிசலை அவன் தைத்தான்.
சாப்பாட்டுச் சீட்டு மிஞ்சினால் நான் வைத்தேன்.
வோலோஃப் மொழியைக் காகிதத்தில் அனுப்பினான்,
நாளுக்கு ஒரு சொல், சில நாள் இரண்டு.
"நங்கா தெஃப் என்றால் எப்படி இருக்கிறாய்.
மங்கி ஃபி என்று பதில் சொல்.
இங்கேதான் இருக்கிறேன் என்று அர்த்தம்.
எனக்கும் இது வீட்டு மொழி இல்லை,
காசமான்ஸிலிருந்து வந்து இங்கே பொறுக்கியதுதான்.
உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்."

வெள்ளிக்கிழமைகளில் அம்மா ஃபோனில் கேட்பாள்,
படுக்க இடம் உண்டா என்று.
ஜன்னலோரம், என்பேன்.
பொய்யில்லையே.

மார்ச்சில் உதவித்தொகை வரவில்லை.
சாலையில் டயர் எரிந்தது, கல் பறந்தது,
கண்ணீர்ப்புகை மூன்றாம் மாடிவரை ஏறி வந்தது.
மருந்துக்கடை இரும்புக் கதவை இறக்கிவிட்டதாம்.
ஒன்பதரைக்கு நான் வந்தபோது
கட்டில் விளிம்பில் ஒருவன்
ஈரத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
நினைத்ததைவிடக் குட்டை.

இருவரும் சட்டென்று எழுந்து நின்றோம்.
நாலு மாதமாகக் காகிதத்தில் நீ, வா, போ.
வாயைத் திறந்தால்
"நீங்கள் படுங்கள்" என்றேன்.
"இல்லை, இது உங்கள் நேரம்" என்றான்.
தரையிலிருந்து எட்டுத் தொண்டை சிரித்தது.
உசைனு அடுப்பை ஊதிக்கொண்டே
தேநீரை உயரத்திலிருந்து ஊற்றினான்,
நுரை கட்டும்வரை, திரும்பத் திரும்ப.
மூன்றாவது கோப்பைக்குப் பிறகும்
எங்களுக்குப் பேச ஒன்றும் வரவில்லை.
தலைமாடு கால்மாடாகப் படுத்தோம்.
என் காதருகே அவன் வெடித்த குதிகால்.
யார் முதலில் தூங்கினோம், தெரியாது.

அடுத்த அக்டோபரில் என் பெயர் ஒட்டினார்கள்.
வேறு கட்டடம், முழுக் கட்டில்.
ஒன்பதரைக்குப் போய்ப் படுத்தேன்.
மெத்தை சில்லிட்டது.
எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

நள்ளிரவுக்கு மேல் யாரோ கதவைத் தட்டினார்கள்.
காபோனிலிருந்து ஒரு பையன்.
பட்டியலில் இல்லாத முகம் எனக்குத் தெரியும்.
"நங்கா தெஃப்?" என்றேன்.
பெட்டியின் கைப்பிடியை விடாமல்
தன் பெயரைச் சொன்னான்.